ஒரு படம், அதன் கதை: ஸ்டுடியோக்காரரிடம் கேட்டு எழுதி வைப்பது எப்படி

எழுபது வயதைத் தாண்டிய ஸ்டுடியோக்காரர் ஒருவரிடம் போய், "நீங்க எடுத்ததுலயே உங்களுக்குப் பிடிச்ச படம் எதுங்கய்யா?" என்று கேட்டால், பெரும்பாலும் சுவரில் மாட்டியிருக்கும் படத்தைத்தான் காட்டுவார். அது வருகிறவர்கள் பார்ப்பதற்காகச் சட்டம் போட்டு மாட்டியது. அவருக்கு உள்ளபடியே பிடித்த படம் பீரோவிலோ பழைய இனிப்புப் பெட்டியிலோ, யாரும் வந்து வாங்கிப் போகாத பிரிண்டுகளோடு கிடக்கும். அதை அவர் கையாலேயே வெளியே எடுக்க வைத்து, அதன் கதையைக் கேட்டு, சரிபார்த்து, படத்தோடு சேர்த்துப் பத்திரப்படுத்தும் வேலைக்கான வழிமுறை இது. கல்யாணப் படம் எடுத்தவர், பத்திரிகைக்கு எடுத்தவர், அக்ஃபா கிளிக் கேமராவை வைத்துக்கொண்டு வீட்டு விசேஷங்களை மட்டும் எடுத்த சித்தப்பா, எல்லோருக்கும் இதே முறை பொருந்தும்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். படம் காட்டுவது வேறு, எடுத்தவர் சொல்வது வேறு, நாம் தேடிக் கண்டுபிடிப்பது வேறு. மூன்றும் வேண்டும். ஆனால் மூன்றையும் ஒரே வாக்கியத்தில் போட்டுக் குழைத்துவிட்டால், பத்து வருஷம் கழித்து எது நினைவு, எது ஆதாரம் என்று யாராலும் பிரிக்க முடியாது.

போவதற்கு முன்

ஆடியிலும் மார்கழியிலும் போங்கள். கல்யாணம் இல்லாத மாதங்கள் என்பதால் படக்காரர்களுக்கு உட்கார்ந்து பேச நேரம் கிடைப்பது அப்போதுதான். முகூர்த்த நாளில் போய் நின்றால் பாதிப் பேச்சில் எழுந்து போய்விடுவார், அது அவர் தவறும் இல்லை.

ஒரு தடவைக்கு ஒன்றரை மணி நேரம் போதும். அதற்குமேல் போனால் கேட்பவருக்கும் சொல்பவருக்கும் களைப்பு வந்து, கடைசிப் படங்களின் கதைகள் எல்லாம் "அது சும்மா எடுத்ததுதான்" என்பதோடு முடிந்துவிடும். மொத்தம் பத்துப் படம், மூன்று அமர்வு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பது படத்துக்குத் தலா இரண்டு வரி எழுதுவதைவிடப் பத்துப் படத்தை முழுதாகக் கேட்பது மேல்.

கையில் இருக்க வேண்டியவை: வெளுத்த பருத்தித் துணி ஒன்று (மேஜையில் விரிக்க), மென்மையான தூரிகை, காற்று அடிக்கும் ரப்பர் பம்பு, பூதக்கண்ணாடி, டிரேசிங் தாள், 2பி பென்சில், வெள்ளைத் திரை காட்ட ஒரு டேப்லெட், ஒலிப்பதிவுக்கு ஒரு கைப்பேசி, படம் எடுக்க இன்னொரு கைப்பேசி. ஒரே கைப்பேசியில் இரண்டையும் செய்யப் பார்த்தால், படம் எடுக்கும்போது ஒலிப்பதிவு நின்றுபோவது வழக்கம். அது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

"பிடித்த படம்" என்ற சொல்லைத் தவிர்த்துவிட்டு இப்படிக் கேட்டுப் பாருங்கள். "எத்தனையோ படத்தைக் கழிச்சிருப்பீங்க, கழிக்க மனசு வராத படம் எது?" "கொடுத்தது போக உங்களுக்குன்னு ஒரு காப்பி போட்டு வெச்சுக்கிட்ட படம் இருக்கா?" "இன்னொரு தடவை வாய்ச்சா வேற மாதிரி எடுத்திருப்பேன்னு தோணுற படம்?" மூன்றாவது கேள்விக்குத்தான் நல்ல கதைகள் வருகின்றன. தோற்றுப்போன படத்தைப் பற்றித் தொழில்காரர் ஒருவர் பேசும்போது நுட்பமும் நினைவும் சேர்ந்தே வரும்.

படத்தைத் தொடும்போது

பிரிண்டை ஓரத்தைப் பிடித்துத் தூக்குங்கள். கை கழுவி நன்றாகத் துடைத்திருந்தால் அதுவே போதும். நெகட்டிவுக்கு மட்டும் பவுடர் இல்லாத ரப்பர் கையுறை நல்லது. தடித்த பருத்திக் கையுறை போட்டால் விரலுக்குப் பிடி கிடைக்காமல் பிலிம் ஓரம் கிழியும்.

ஒட்டும் பசைப் பக்கமும் மேலே பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பங்கள் 1970களிலும் 80களிலும் வீட்டுக்கு வீடு வந்தன. அந்தப் பசை இறுகி, படம் அட்டையோடு ஒன்றிப்போயிருக்கும். நகத்தால் கிளப்பினால் படத்தின் முதுகுத் தோல் உரியும், மூலை மடியும். பல்லிடுக்கு சுத்தம் செய்யும் மெழுகு தடவாத நூலைப் படத்துக்கும் அட்டைக்கும் நடுவே நுழைத்து, ரம்பம் போல மெல்ல இழுத்தால் பெரும்பாலும் வந்துவிடும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். பிளாஸ்டிக்கை மட்டும் தூக்கிவிட்டு அப்படியே பிரதி எடுக்கலாம்.

சட்டத்துக்குள் கண்ணாடியோடு ஒட்டிப்போன படத்தை இழுக்கவே கூடாது. ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டிருக்கும். இழுத்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடி வழியாகவே பிரதி எடுங்கள்.

நெகட்டிவை ஈரத்துணியால் துடைக்காதீர்கள். தூசி என்றால் காற்றடித்து, தூரிகையால் தட்டினால் போதும். பழைய ஸ்டுடியோ நெகட்டிவைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் கன்னத்திலும் நெற்றியிலும் பொடிப் பொடியாகப் பென்சில் கோடுகள் தெரியும். அம்மைத் தழும்பையும் கண்ணுக்குக் கீழ் கருமையையும் மறைக்க ஸ்டுடியோக்காரர் உட்கார்ந்து செய்த டச்சிங் அது. சில இடங்களில் சிவப்புச் சாயமும் இருக்கும். ஈரம் பட்டால் அந்த வேலை முழுதும் அழியும். அதையே ஒரு கேள்வியாகவும் ஆக்கலாம். யார் செய்தது, எத்தனை நேரம் பிடித்தது, எந்த முகத்துக்கு வேண்டாம் என்று விட்டார்?

பெட்டியைத் திறந்ததும் காடி (வினிகர்) வாடை அடித்தால், அசிடேட் பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த ஆவி பக்கத்திலுள்ள நல்ல பிலிமையும் கெடுக்கும். அவற்றைத் தனிப் பெட்டிக்கு மாற்றி, முதலில் அவற்றையே பிரதி எடுங்கள்.

பேச்சுக்கு முன்பே பிரதி

முதலில் முதுகு, பிறகு முகம். ஸ்டுடியோ முத்திரை, பென்சிலில் எழுதிய எண், ஆர்டர் தேதி, "3 காப்பி கேபினெட்" என்ற குறிப்பு எல்லாம் முதுகில்தான் இருக்கும். முகத்தை மட்டும் ஸ்கேன் செய்துவிட்டுப் படத்தைத் திருப்பிக் கொடுத்தவர்கள் பாதிக் கதையைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

ஸ்கேனர் இருந்தால், நான்குக்கு ஆறு அங்குலப் பிரிண்டுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும். 2400க்கு 3600 புள்ளிகள் கிடைக்கும். பாஸ்போர்ட் அளவுப் படத்துக்கு 1200. முப்பத்தைந்து மில்லிமீட்டர் நெகட்டிவுக்கு 3200, சதுர நெகட்டிவுக்கு 2400. டிஃப் கோப்பாகச் சேமியுங்கள், ஸ்கேனரின் "தானாகச் சரிசெய்" வசதியை அணைத்துவிடுங்கள். அது மங்கலை நீக்குகிறேன் என்று பென்சில் டச்சிங்கையும் சேர்த்து மழுக்கிவிடும்.

ஸ்கேனர் இல்லையா, கைப்பேசியே போதும். ஜன்னலோரம், நேர் வெயில் படாத இடம், பிரிண்டு சமதளத்தில், கைப்பேசி அதற்கு இணையாக. படத்தின் நான்கு ஓரமும் திரையின் ஓரங்களோடு ஒத்துப்போனால் சாய்வு இல்லை. பளபளப்பான பிரிண்டில் உங்கள் சட்டையே பிரதிபலிக்கும், அதனால் கருப்பு உடை போட்டுக்கொள்ளுங்கள். நெகட்டிவ் என்றால் டேப்லெட்டில் வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, அதன்மேல் இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்தில் கண்ணாடித் துண்டு வைத்து, அதில் நெகட்டிவை வையுங்கள். நேராகத் திரைமேல் வைத்தால் திரையின் புள்ளிகள் படத்தில் வலை போல விழும். அந்த இடத்திலேயே பாசிட்டிவாகப் பார்க்க, இன்னொரு கைப்பேசியில் நிறங்களைத் தலைகீழாக்கும் வசதியைப் போட்டு அதன் கேமரா வழியாகக் காட்டுங்கள். நாற்பது வருஷத்துக்கு முன் எடுத்த முகம் திரையில் சட்டென்று தெளிவதைப் பார்க்கும்போது பேச்சு தானாகத் தொடங்கும்.

இடவலம் மாறாமல் இருக்கிறதா என்று பாருங்கள். நெகட்டிவின் மங்கலான பக்கம்தான் படம் பதிந்திருக்கும் மருந்துப் பக்கம். பளபளப்புப் பக்கம் நம்மை நோக்கி இருந்தால் காட்சி சரியாக இருக்கும், ஓரத்து எழுத்துகளும் நேராகப் படிக்க வரும். ஓரம் வெட்டப்பட்டிருந்தால் உடையைப் பாருங்கள். சட்டைப் பை இடது மார்பில், அதாவது பார்ப்பவருக்கு வலப்பக்கம் இருக்க வேண்டும். சேலை முந்தானையும் அப்படியே. மடிசாரில் மட்டும் வலத்தோளில் போடும் வழக்கம் உண்டு என்பதால், ஒரு பெண்ணின் முந்தானையை மட்டும் நம்பிப் படத்தைத் திருப்பிவிடாதீர்கள்.

கேட்கும் முறை

ஒலிப்பதிவைத் தொடங்கியதும் நீங்களே ஒரு வரி சொல்லுங்கள்: தேதி, ஊர், யாரிடம் பேசுகிறோம், எத்தனையாவது படம். படத்துக்கு ஒரு கோப்பு என்று தனித்தனியாகப் பதியுங்கள். கைப்பேசியை விமானப் பயன்முறையில் போட்டு, பேசுபவருக்கு ஒரு முழ தூரத்துக்குள், மடித்த துண்டின்மேல் வையுங்கள். மேஜைமேல் வெறுமனே வைத்தால் டம்ளர் வைக்கும் சத்தமும் விரல் தட்டும் சத்தமும் இடியாக விழும். மின்விசிறிதான் பெரிய எதிரி. அணைக்க முடியாத வெயில் என்றால் அதன் காற்று கைப்பேசியில் நேராகப் படாத இடமாகப் பாருங்கள். ஒரு நிமிடம் பதிந்து கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

எந்தப் படத்தைப் பற்றிக் கேட்கிறீர்களோ அந்தப் படம் அவர் கையில் இருக்க வேண்டும். இந்த விதியை மீறியதால் வந்த குழப்பத்துக்கு உலகப் புகழ்பெற்ற உதாரணம் ஒன்று இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில், 1945 பிப்ரவரி 23 அன்று ஜப்பானின் இவோ ஜிமா தீவில் சுரிபாச்சி மலைமேல் அமெரிக்க வீரர்கள் கொடி நட்டதைப் பத்திரிகைப் படக்காரர் ஜோ ரோசென்தால் எடுத்தார். பிலிம் குவாம் தீவுக்குப் போய் அங்கே கழுவப்பட்டது. எது பத்திரிகைகளில் வந்தது என்று அவரே பார்த்திருக்கவில்லை. சில நாள் கழித்துக் குவாமில், "அந்தப் படத்தை நிற்க வைத்து எடுத்தீர்களா?" என்று ஒருவர் கேட்டார். கொடி நட்ட பிறகு வீரர்களை வரிசையாக நிறுத்தி எடுத்த குழுப் படத்தைக் கேட்கிறார் என்று நினைத்து, ஆமாம் என்றார். கொடிப் படமே நாடகம் என்ற பேச்சு அந்த ஒரு சொல்லில் கிளம்பி, அவர் வாழ்நாள் முழுதும் துரத்தியது. படத்தை நீட்டிக் கேட்டிருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

முதல் கேள்வி எப்போதும் திறந்த கேள்வியாக இருக்கட்டும்: "இதைப் பாத்தா என்ன ஞாபகம் வருது?" பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஐந்து விநாடி மௌனம் வந்தால் அடுத்த கேள்வியைத் திணிக்காதீர்கள். அந்த மௌனத்தில்தான் அவர் அந்த மண்டபத்துக்குள் திரும்பப் போய்க்கொண்டிருக்கிறார். ஆண்டைத் தவறாகச் சொன்னாலும் அங்கேயே திருத்த வேண்டாம். திருத்தினால் அடுத்ததிலிருந்து உறுதியானதை மட்டும் சொல்ல ஆரம்பிப்பார், கதை வற்றிவிடும்.

அதன்பின் இடத்தைப் பிடியுங்கள். நீங்கள் எங்கே நின்றீர்கள்? ஸ்டூல்மேலா, தரையிலா? பக்கத்தில் யார் நின்றார்கள்? சட்டகத்துக்கு வெளியே இடப்பக்கம் என்ன இருந்தது? வெளிச்சம் எங்கிருந்து வந்தது? யார் எடுக்கச் சொன்னார்கள், யார் காசு கொடுத்தார்கள்? பிரிண்டை வாங்க யார் வந்தார்கள், பார்த்ததும் என்ன சொன்னார்கள்? உடல் நின்ற இடத்தைக் கேட்டால், உணர்ச்சியைக் கேட்காமலே அது வந்துவிடும். "அப்ப உங்களுக்கு எப்படி இருந்துச்சு?" என்று நேராகக் கேட்டால் வருவது மேடைப்பேச்சுதான்.

நான் எல்லாவற்றிலும் பெரிதாக மதிக்கும் கேள்வி: "இதுக்கு முந்தின படம் எது, பிந்தின படம் எது?" சதுர நெகட்டிவ் கேமராவில் ஒரு ரோலுக்குப் பன்னிரண்டே படம். அந்தக் காலத்தில் ஒவ்வொரு சொடுக்கும் காசு. பதினொன்றாவது படத்துக்கும் பன்னிரண்டாவதுக்கும் நடுவே அவர் காத்திருந்தாரா, அவசரப்பட்டாரா, ரோல் தீர்ந்து நல்ல காட்சியை விட்டாரா என்பதில் கதை இருக்கிறது. நெகட்டிவ் கீற்று கிடைத்தால் ஓரத்து எண்களை வைத்து முழு வரிசையையும் அவர் முன் அடுக்குங்கள். ஒரே ஒரு பிரிண்டைப் பார்த்து வருஷக்கணக்காகச் சொல்லிச் சொல்லி மெருகேறிய கதை, முன்னும் பின்னும் உள்ள படங்களைப் பார்த்ததும் பல தடவை மாறும். அப்படி மாறினால் இரண்டையும் பதிந்துகொள்ளுங்கள்.

இறந்தவரை நாற்காலியில் சாய்த்து உட்கார வைத்து, குடும்பத்தார் சுற்றி நிற்க எடுத்த படங்கள் பல ஸ்டுடியோப் பெட்டிகளில் இருக்கும். அந்தக் குடும்பத்திடம் அவரைப் பற்றி இருக்கும் ஒரே படம் அதுவாகவும் இருக்கலாம். அதைப் பற்றிப் பேச விருப்பமா என்று ஒலிப்பதிவை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

பெயர்கள்

குழுப் படத்தின்மேல் டிரேசிங் தாளை வைத்துத் தலைகளின் வெளிவடிவத்தை மட்டும் லேசாக வரைந்து எண் போடுங்கள். படத்தின்மேல் அழுத்தி வரையக் கூடாது, பள்ளம் விழும். பிரதியின் அச்சின்மேல் வரைவதே பாதுகாப்பு. "இடமிருந்து வலம்" என்றால் பார்ப்பவரின் இடம் என்று எழுதியே வையுங்கள். இனிஷியலை விரித்துக் கேளுங்கள், ஒரே ஊரில் நான்கு முருகேசன் இருப்பார்கள். கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் பெண்களின் இனிஷியல் மாறுவதையும் குறியுங்கள். தெரியாத தலைக்கு ஊகத்தில் பெயர் போடாமல் எண்ணை மட்டும் விடுங்கள்.

முன்பு சொன்ன இவோ ஜிமா படத்திலேயே கொடி நட்ட ஆறு பேரின் பெயர்கள் 1947, 2016, 2019 என மூன்று தடவை திருத்தப்பட்டன. பத்திரிகைப் படக்காரர் ஸ்டீவ் மெக்கரி 1984இல் பாகிஸ்தானின் பெஷாவர் அருகே நாசிர் பாக் அகதி முகாமில் எடுத்த ஆப்கான் சிறுமியின் முகத்தை உலகமே அறிந்திருந்தது. அவர் பெயர் ஷர்பத் குலா என்று தெரியவந்தது 2002இல்தான். எடுத்த அன்றே ஒரு வரி எழுதியிருந்தால் பதினேழு வருஷத் தேடல் மிச்சமாகியிருக்கும்.

தேதியைப் பிடிப்பது

படக்காரர்களுக்குத் தேதி மறக்கும், மற்றதெல்லாம் நினைவிருக்கும். அமெரிக்கப் படக்காரர் ஆன்செல் ஆடம்ஸ் நியூ மெக்சிகோவின் ஹெர்னான்டஸ் என்ற சிற்றூரின்மேல் நிலா எழுவதை எடுத்த படத்தைப் பாருங்கள். வெளிச்சத்தை அளக்கும் ஒளிமானி கைக்கு அகப்படவில்லை. நிலாவின் ஒளி சதுர அடிக்கு 250 கேண்டில் என்று மனப்பாடமாக இருந்ததை வைத்துக் கணக்குப் போட்டு, லென்ஸ் துளை எஃப் 32, நேரம் ஒரு விநாடி என்று எடுத்தார். இரண்டாவது பிரதிக்குப் பிலிமைத் திருப்புவதற்குள் சிலுவைகள்மேல் இருந்த வெயில் போய்விட்டது. இத்தனையும் அவருக்கு நினைவிருந்தது. ஆண்டு மட்டும் 1940 முதல் 1944 வரை இடத்துக்கு இடம் மாறி அச்சானது. கடைசியில் நிலாதான் சாட்சி சொன்னது. வானியலாளர் ஒருவரின் முதல் கணக்கு 1941 அக்டோபர் 31 என்றது. கேமரா நின்ற இடத்தைத் துல்லியமாகக் கண்டுபிடித்த பிறகு டென்னிஸ் டி சிக்கோ அதை 1941 நவம்பர் 1, மாலை 4.49 என்று திருத்தினார்.

நமக்கு வானியல் வேண்டாம், நினைவில் ஆணியடித்த நாள்கள் போதும். "எந்த வருஷம்?" என்று கேட்காமல், "தனுஷ்கோடிப் புயலுக்கு முன்னயா பின்னயா?" (1964 டிசம்பர்), "எம்ஜிஆர் போனப்ப கடை எங்க இருந்துச்சு?" (1987 டிசம்பர்) என்று கேளுங்கள். யாழ்ப்பாணத்துக்காரரிடம் நூலகம் எரிந்ததற்கு முன்னா (1981), 95 இடப்பெயர்வுக்கு முன்னா என்று கேளுங்கள். பௌர்ணமி, தைப்பூசம், ஆடிப்பெருக்கு என்று ஏதாவது வாயில் வந்தால் பிடித்துக்கொள்ளுங்கள், பழைய பஞ்சாங்கம் நாளைச் சொல்லிவிடும். கல்யாணம் என்றால் அழைப்பிதழும் மொய் நோட்டும் இருக்கிறதா என்று அந்த வீட்டில் விசாரியுங்கள். ஸ்டுடியோ ரசீதுப் புத்தகம் கிடைத்தால் அதைவிட வேறில்லை.

படத்துக்குள்ளேயும் தடயம் உண்டு. முத்திரையில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் அது 1972 ஆகஸ்ட் 15க்குப் பிந்தியது. "தமிழ்நாடு அரசு" என்ற பலகை இருந்தால் மாநிலப் பெயர் மாறிய 1969 ஜனவரிக்குப் பிந்தியது. வண்டி எண் டிஎன் என்று தொடங்கினால் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்துக்குப் பிந்தியது. கடைப் பலகையில் லை, னை, ணை எழுத்துகள் தும்பிக்கை போல் வளைந்த பழைய கொம்போடு இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அந்தப் பலகை வருஷக்கணக்கில் அப்படியே தொங்கியிருக்கலாம். மறுபக்கம், பெரியாரின் குடி அரசு இதழ் 1935லேயே புது எழுத்துக்கு மாறிவிட்டது. அதனால் இதைத் துணைச்சாட்சியாக மட்டும் வையுங்கள்.

சினிமா போஸ்டர் ஆளை ஏமாற்றும். படம் வெளியான ஆண்டுக்கு முன்னால் அல்ல என்பதை மட்டுமே அது சொல்லும். டூரிங் டாக்கீஸில் பழைய படங்கள் பல வருஷம் கழித்தும் ஓடின. பிலிம் ஓரத்தில் ஆர்வோ என்றிருந்தால் 1964க்குப் பிறகு, அந்தக் கிழக்கு ஜெர்மன் பிலிமுக்கு அந்தப் பெயர் வந்ததே அப்போதுதான். இந்து என்றிருந்தால் அது ஊட்டி இந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ், நிறுவனம் தொடங்கியது 1960இல். மூலையில் ஆரஞ்சு நிறத்தில் விழும் கேமரா தேதியை நம்பவே வேண்டாம். பேட்டரி மாற்றியதும் அது ஆரம்பத் தேதிக்குப் போய்விடும், யாரும் திருத்துவதில்லை. டிஜிட்டல் கோப்பின் நேரமும் கேமரா கடிகாரம் சரியாக இருந்தால்தான் சரி. அதே நாள் எடுத்த வேறு படத்தில் சுவர்க் கடிகாரம் தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள், வித்தியாசம் புரிந்துவிடும்.

நிழலும் பேசும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரம் முதல் ஆகஸ்ட் நடுப்பகுதி வரை உச்சிவெயிலில் நிழல் தெற்கே விழும், மற்ற மாதங்களில் வடக்கே. பின்னணியில் திசை தெரிந்த கோபுரம் ஒன்று இருந்தால் படம் வெயில் காலமா குளிர் காலமா என்று பிரித்துவிடலாம்.

கதைகள் முரண்படும்போது

அமெரிக்கப் படக்காரர் டொரத்தியா லாங்கே 1936 மார்ச்சில் கலிபோர்னியாவின் நிபோமோவில், பட்டாணி பறிக்க வந்தவர்களின் முகாமில் ஒரு தாயையும் குழந்தைகளையும் எடுத்தார். பெயர் கேட்கவில்லை. சாப்பாட்டுக்காகக் காரின் டயர்களை விற்றுவிட்டார்கள் என்று 1960இல் நினைவுகூர்ந்து எழுதினார். அந்தத் தாய் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று 1978இல் வெளிவந்தது. டயர் விற்ற கதையைக் குடும்பம் மறுத்தது. விற்க உபரி டயரே இல்லை, அதே வண்டியில்தான் அங்கிருந்து போனோம் என்றார் மகன். லாங்கே பொய் சொல்லவில்லை, ஒரு கதையை இன்னொன்றோடு குழப்பிக்கொண்டார் என்றும் அந்த மகனே சொன்னார்.

வருஷத்துக்கு நூறு கல்யாணம் எடுத்தவரின் நினைவும் இப்படித்தான். ஒரு மண்டபத்தில் கரன்ட் போனதும் இன்னொரு மண்டபத்தில் மாப்பிள்ளை கோபித்துக்கொண்டதும் ஒரே கல்யாணமாகச் சேர்ந்துவிடும். எனவே படத்தில் இருப்பவர்களில் ஒருவரையாவது தேடிப்பிடித்து, அதே படத்தைக் காட்டி, படக்காரர் சொன்னதை முன்கூட்டிச் சொல்லாமல் கேளுங்கள். சொல்லிவிட்டுக் கேட்டால் "ஆமாமா, அப்படித்தான்" என்ற பதில்தான் வரும். இரண்டும் மோதினால் நடுவர் வேலை பார்க்க வேண்டாம். இரண்டையும் பெயரோடு எழுதுங்கள்.

எழுதி வைப்பது

ஒவ்வொரு படத்துக்கும் முதலில் சட்டென்று படிக்கும் குறிப்பு, பிறகு கதை. குறிப்பின் மாதிரி:

"எண் 07. தெருமுனையில் மாப்பிள்ளை அழைப்பு. ஆண்டு 1974 (ரசீதுப் புத்தகம்). மாதம் வைகாசி போல (படக்காரர் நினைவு). சதுர நெகட்டிவ், ரோலின் 9ஆவது படம். தலைகள் 1, 2, 5 பெயர் தெரியும். 3, 4 தெரியாது. பேசிய நாள், பதிவுக் கோப்பு எண்."

அடைப்புக்குறிக்குள் இருக்கும் அந்தச் சிறு சொற்கள்தான் உயிர். எது எங்கிருந்து வந்தது என்பதை ஒவ்வொரு தகவலோடும் ஒட்டி வையுங்கள்.

கதை இருநூறு சொல்லுக்குள் நின்றால் நல்லது. படத்தில் கண்ணுக்குத் தெரிவதைத் திரும்ப விவரிக்காதீர்கள், வாசகர் அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தெரியாத ஒன்றிலிருந்து தொடங்குங்கள்: சட்டகத்துக்கு வெளியே நின்றவர், பெட்ரோமாக்ஸ் விளக்கைத் தூக்கிப் பிடித்த பையன், கேமராவுக்குள் மீதமிருந்த ஒரே ஒரு படம். அவர் பேசியதில் ஓரிரு வரியை அவர் வாய்மொழியிலேயே விடுங்கள். "லைட்டு பத்தல, ஃபிளாஷ் போட்டா அந்தப் பொண்ணு கண்ண மூடிரும்" என்பதை "ஒளிக் குறைபாடு நிலவியது" என்று மாற்றினால் ஆளே காணாமல் போய்விடுகிறார்.

யூனிகோடில் தட்டச்சு செய்யுங்கள். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் சேமித்தவை, அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். குறிப்பைப் படக் கோப்புக்குள்ளேயே விவரப் பகுதியில் பதியுங்கள், எக்சிஃப்டூல் என்ற இலவச மென்பொருள் அதைச் செய்யும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் உள்ளே பதிந்த விவரம் எல்லாம் உதிர்ந்துவிடும், ஆவணமாக அனுப்புங்கள். பழைய காகிதப் பிரிண்டின் முதுகில் ஓரமாகப் பென்சிலால் எண்ணை மட்டும் எழுதலாம். பிளாஸ்டிக் பூச்சுள்ள கலர் பிரிண்டில் பென்சில் பிடிக்காது. பால்பாயின்ட் பேனாவால் எழுதினால் முன்பக்கம் கோடு எழும்பும், அதனால் உறையில் எழுதுங்கள். உறை பாலிப்ரொப்பிலீனாகவோ பாலியஸ்டராகவோ இருக்கட்டும், பிவிசி வேண்டாம்.

யாருடைய படம், யாரைக் கேட்பது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். நெகட்டிவ் ஸ்டுடியோக்காரர் பெட்டியில் இருப்பதால் மட்டும் உரிமை அவருடையது ஆகிவிடாது. எனவே பொதுவெளியில் போடுவதற்கு அவர் சம்மதம் மட்டும் போதாது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பூப்பு நீராட்டுப் படங்கள், முறிந்துபோன கல்யாணங்கள், இறந்தவர் படங்கள் இவற்றைக் குடும்பத்தின் ஒப்புதல் இல்லாமல் வெளியிடாதீர்கள். கதையை எழுதி வைப்பதற்கும் ஊருக்குக் காட்டுவதற்கும் இடையே பெரிய தூரம் இருக்கிறது.

கடையை மூடும் ஸ்டுடியோ என்றால், நெகட்டிவ் பெட்டிகள் பழைய பேப்பர் கடைக்குப் போகும் முன் பேசுங்கள். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழ் ஸ்டுடியோப் படங்களைத் தேடி எண்ணிமப்படுத்தியிருக்கிறது. இடமில்லை என்று தூக்கிப்போடுவதற்கு முன் அங்கே ஒரு கடிதம் போட்டுப் பார்க்கலாம்.

எல்லாம் முடிந்ததும் பத்துப் படத்தையும் கதையையும் ஏ4 தாளில், எழுத்து 16 புள்ளி அளவில், ஒரு பக்கத்துக்கு ஒரு படமாக அச்சிட்டு அவர் கையில் கொடுங்கள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படிப்பார். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தி, "இது அவன் இல்ல, அவன் அண்ணன்" என்பார். அந்த நேரத்துக்கு ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.